ஒல்லி உடம்பு, பீடிப் பழக்கம், சுகர், நடந்தால் கெண்டைக்கால் பிடிப்பு: எல்லாம் ஒரே விஷயமா?

மேலூர் மாப்பிள்ளை

என் தாய்மாமாவுக்காகக் கேட்கிறேன். வயது 54. மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் இருந்து மேலூர், கொட்டாம்பட்டி வரை லோடு வண்டி ஓட்டுகிறார். எடை 61 கிலோ. ஆள் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். பீடி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கட்டு. டீக்கடையில் கூட்டாளி யாராவது இருந்தால் சிகரெட்டு.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சுகர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட் இதுதான்: வெறும் வயிற்றில் 141, மூன்று மாத சராசரி 7.2, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 236, நல்ல கொலஸ்ட்ரால் 31, கெட்ட கொலஸ்ட்ரால் 128. பிரஷர் 148/90.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கீழக்குயில்குடி அய்யனார் கோவிலுக்கு மொட்டை போடப் போயிருந்தோம். அப்படியே சமணர் மலைப் படியில் ஏறினோம். பாதியில் வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார், சரியாகிவிட்டது. மறுபடி கொஞ்சம் படி, மறுபடி அதே காலில் அதே இடத்தில் பிடிப்பு. தட்டையான ரோட்டிலும் வேகமாக நடந்தால் வருகிறதாம், ரொம்ப நாளாகவே.

"நான் இனிப்பே தொடுறதில்ல, எனக்கு எப்படிடா சுகரு? பீடி குடிச்சா நெஞ்சுக்குத்தான் கெடுதல், கால் என்னடா பண்ணுச்சு?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல் சுப்பு

தம்பி, எல்லாவற்றுக்கும் பீடி மேல் பழி போட வேண்டாம். எங்கள் தாத்தா சுருட்டு குடித்துக்கொண்டே 88 வயது வரை இருந்தார். லோடு ஓட்டுகிறவர் நடுராத்திரி பரோட்டாவும் சால்னாவும் அடிப்பார், தூக்கம் கிடையாது. சுகர் வராமல் என்ன செய்யும்? இன்னொன்று, புகை பிடிக்கிறவன் ஒல்லியாக இருப்பான், ஒல்லியாக இருந்தால் சுகர் வராது. விட்டால்தான் குண்டடித்து வியாதி எல்லாம் வரும்.

லேப் அக்கா

சுப்பு அண்ணே, பரோட்டாவும் தூக்கமும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் "ஒல்லியாக இருந்தால் சுகர் வராது" என்பது நம் ஊர் உடம்புக்குச் செல்லாது. நான் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். ட்ரைகிளிசரைடு மேலே, நல்ல கொலஸ்ட்ரால் முப்பதில், ஆள் மெலிவு, சட்டைப்பை ஓரம் தீப்பெட்டி. இந்த ஜாடையில் தினமும் ஆட்கள் வருகிறார்கள்.

புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 22.3. பார்க்கவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதுதான் நாம். தராசு காட்டாத கொழுப்பு.

இதன் மேல் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். நிகோடின் பசியை அடக்கும், எடையைக் குறைவாக வைத்திருக்கும். ஆனால் உடம்பில் இருக்கிற கொழுப்பு வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர்கிறது. மாப்பிள்ளை, உங்கள் மாமா வயிற்றை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட பிறகு. பேண்ட் அளவைச் சொல்லக்கூடாது. கைலி கட்டுகிற இடமும் கணக்கில் வராது, அது தொப்பைக்குக் கீழே. நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

மேலூர் மாப்பிள்ளை

அளந்தாச்சு அக்கா, 95. "டேப்பு தப்பு"ன்னு சொல்லிட்டார்.

கோரிப்பாளையம் டூட்டி

பொது மருத்துவத்தில் பி.ஜி. படிக்கிறேன். ஆளைப் பார்க்காமல் வைத்தியம் சொல்ல மாட்டேன். எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் கால். நடந்தால் வலி, நின்றால் சில நிமிடத்தில் போய்விடுகிறது, மறுபடி நடந்தால் அதே இடத்தில் வலி. புகைப்பவர் இப்படிச் சொன்னால் காலுக்குப் போகிற தமனியில் அடைப்பு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். தொடையில் குழாய் சுருங்கினால் கெண்டைக்காலில் வலிக்கும், ஏனென்றால் நடக்கும்போது ரத்தம் பற்றாமல் திணறுவது அந்தத் தசை. முதுகுத்தண்டுக் கோளாறிலும் நடந்தால் கால் வலி வரும். ஆனால் அவர்களுக்கு வெறுமனே நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். சுகர் நரம்புக் கோளாறு என்றால் ராத்திரி படுக்கையில் எரிச்சலும் மதமதப்பும் இருக்கும், பெரும்பாலும் இரண்டு பாதத்திலும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை: வலது பாதம் இடதைவிடச் சில்லென்று இருக்கிறதா, முழங்காலுக்குக் கீழே ரோமம் உதிர்ந்து தோல் பளபளப்பாக இருக்கிறதா, படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் பாதம் வெளுத்து, கட்டிலில் தொங்கவிட்டால் செக்கச் செவேல் என்று ஆகிறதா. விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ இழையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.

உறுதிப்படுத்த ஊசி, வயர் எதுவும் வேண்டாம். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. ரொம்ப வருஷச் சுகர்காரர்களுக்குக் குழாயே சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாகி, அமுக்கினாலும் அமுங்காமல் 1.4-க்கு மேல் காட்டும். அதை நார்மல் என்று நினைத்துவிடக்கூடாது.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் குழாய் வேண்டியபோது விரிகிறது, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ஒட்டாமல் ஓடுகின்றன. இதைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. புகை முதலில் கைவைப்பது இந்தப் படலத்தில்தான். அடுத்தது கெட்ட கொலஸ்ட்ரால். புகை அதை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கிறது. கெட்டுப்போனதை வெள்ளணுக்கள் விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிவது போல உள்ளே ஒட்டிக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சேர்வது குழாயின் சுவருக்குள்ளே. மேலே மூடியிருக்கிற மெல்லிய தோல் ஒரு நாள் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும். புகைப்பவர் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற உறைய வைக்கும் புரதம் அதிகம் என்பதால் உறைவதும் சுலபம். இதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் பக்கவாதம். கால் மட்டும் என்ன, வேறு ரத்தமா ஓடுகிறது? சொல்லப்போனால் புகைக்கும் கால் தமனி அடைப்புக்கும் இருக்கிற உறவு இதயத்தைவிட இன்னும் நெருக்கமானது.

சுகர் எப்படி என்றால், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நிகோடின் அட்ரினலினை உசுப்புகிறது. நாடித்துடிப்பு ஏறும், குழாய் சுருங்கும், கொழுப்புத் திசுவில் இருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கும். இது நாள் முழுக்க நடந்தால் தசை இன்சுலின் பேச்சைக் கேட்காது. புகைப்பவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொல்கிறது. ஏற்கெனவே சுகர் உள்ளவர் புகைத்தால் கட்டுப்படுத்த இன்சுலினும் கூடுதலாகத் தேவைப்படும். ஆக, மாமாவின் சுகருக்கும் காலுக்கும் பொதுவான ஆள் ஒருவர் இருக்கிறார்.

சிம்மக்கல் சுப்பு

டாக்டர் தம்பி, நல்லாத்தான் சொல்கிறீர்கள். அப்புறம் எங்கள் தாத்தா?

வில்லாபுரம் வாத்தியார்

சுப்பு, தாத்தாவோடு கூடப் பிறந்தவர்கள், கூடச் சுருட்டு குடித்தவர்கள் யார் யார் எந்த வயதில் போனார்கள் என்பதையும் எழுதும். பட்டியலில் ஒருவரை மட்டும் காட்டினால் எப்படி?

லேப் அக்கா

சுருட்டுப் புகையைப் பலர் வாயோடு நிறுத்திவிடுவார்கள், உள்ளே இழுப்பதில்லை. பீடி அப்படி இல்லை. பீடியில் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் கால் பங்கு போலத்தான் இருக்கும், அதனால் பீடி சாது என்று ஒரு நினைப்பு. பீடி சுற்றுகிற இலை காற்றை உள்ளே விடாது. விட்டு விட்டு இழுத்தால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். கடைசியில் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவில்லாமல், பல அளவீடுகளில் அதைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. அந்தக் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகிற கெண்டைக்காலுக்கு, போகிற ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைவு.

திருமங்கலம் அச்சகம்

எனக்கு ஒரு சந்தேகம். என்னோடு வேலை பார்த்த பையனுக்குச் சுகர் இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை, வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. பீடி மட்டும்தான். கால் கட்டைவிரல் கறுத்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் பக்கத்து விரல். அவனுக்கு எப்படி?

கோரிப்பாளையம் டூட்டி

அது பெரும்பாலும் பர்ஜர் நோயாக இருக்கும். லியோ பர்ஜர் 1908-ல் விவரித்தது. கொழுப்பு அடைப்பு இல்லை, கை கால்களின் சின்னத் தமனிகளும் சிரைகளும் அழற்சியாகி உள்ளே ரத்தம் உறைந்து அடைபடுவது. கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், அநேகமாக 45, 50 வயதுக்குள். தெற்காசியாவில் பீடி குடிக்கிறவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். இதற்கு ஒரே வைத்தியம் முழுசாக விடுவதுதான். விட்டவர்களுக்குக் கால் போவது அபூர்வம். இந்த நோயில் மட்டும் நிகோடின் சூயிங்கம், பேட்ச்சைக்கூடத் தவிர்க்கச் சொல்வார்கள், நிகோடினே நோயைத் தூண்டிக்கொண்டிருக்கலாம் என்பதால். அந்தப் பையன் இன்னும் புகைக்கிறாரா?

திருமங்கலம் அச்சகம்

ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடையிலேயே குடித்தான் சார். அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

பெட்டிக்கடை பாண்டி

கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். 2016-ல் இருந்து பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் பயமுறுத்தும் படம் போட்டார்கள். என் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவர் குறைவு. ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் போகும். படத்தைப் பார்க்கிறவன் நான்தான், குடிக்கிறவர் கண்ணில் படுவதே இல்லை. பீடிக் கட்டில் படம் சுருண்டு கசங்கி என்ன என்றே தெரியாது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2-ல் வந்தது. ஆனால் என் கடை முன்னால் டீ கிளாஸோடு நிற்பவரிடம் போய் நான் சட்டம் பேச முடியுமா? போட்டிக் கடைக்குப் போய்விடுவார்.

உசிலம்பட்டி உமா

எங்கள் வீட்டுக்காரர் குளியலறையில்தான் குடிக்கிறார், எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். பொண்ணுக்கு வயது ஒன்பது. இதையும் கேட்டுக்கொள்கிறேன்.

கோரிப்பாளையம் டூட்டி

உமா அக்கா, புகைக்காத ஆரோக்கியமான ஆட்களை அரை மணி நேரம் அடுத்தவர் புகையில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு நேரத்திலேயே இதயத் தமனியின் உள்படலம் சரியாக வேலை செய்யவில்லை. குளியலறைக் கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் போதாது. வீட்டுக்குள் கூடவே கூடாது, வண்டிக்குள்ளும்தான்.

தெப்பக்குளம் வாக்கர்

மருந்துக்கடையில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்றவன், பழைய சிகரெட்காரன். சுப்பு சொன்ன "விட்டால் குண்டடிக்கும்" விஷயத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது. குண்டடிக்கும், அது உண்மை. சராசரியாக முதல் வருடத்தில் 4, 5 கிலோ. நிகோடின் இருக்கும்போது உடம்பு நாளைக்குச் சுமார் 200 கலோரி கூடுதலாக எரிக்கும், பசியையும் அடக்கும். இரண்டும் ஒரே நாளில் நின்றுபோகும். நாக்குக்கு ருசி திரும்புவதால் சால்னா வேறு தனி வாசனை அடிக்கும்! விட்ட முதல் சில வருடங்களில், எடை கூடியவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பும் தற்காலிகமாகக் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்குகிறது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நாளைக்கு மாமா "பாத்தியா, விட்டதும் சுகர் ஏறிருச்சு" என்பார். ஆனால் எடை கூடினவர்களுக்கும் மாரடைப்பால் சாகிற வாய்ப்பு குறைகிறது. அந்த 5 கிலோ, விட்டதன் லாபத்தை விழுங்கிவிடுவதில்லை.

இன்னொரு விஷயம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. புகையில் இருக்கிற தார், ஈரலில் காஃபினை வேகமாகக் கரைக்கிற நொதியைத் தூண்டிவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகமும் நின்றுவிடும். முன்பு குடித்த அதே அளவு காபி, டீயைக் குடித்தால் ரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கும். படபடப்பு, தூக்கம் வராது, கை நடுங்கும். ஆள் என்ன நினைப்பார்? "பீடி இல்லாம உடம்பு தாங்கல." ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். ஆகவே விடுகிற அன்றே டீயைப் பாதியாக்குங்கள். லோடு ஓட்டுகிறவருக்கு இது கஷ்டம்தான், தெரியும்.

மாட்டுத்தாவணி மூட்டை

அய்யா, நான் ஒரு நாளைக்கு இருபது குடித்துக்கொண்டிருந்தேன், ரெண்டாகக் குறைத்துவிட்டேன். காலையில் ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டு ஒண்ணு. பத்தில் ஒரு பங்குதானே ஆபத்து?

தெப்பக்குளம் வாக்கர்

தம்பி, இருபதில் இருந்து இரண்டுக்கு வந்தது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் தமனி அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கு ஓரளவு எண்ணிக்கைப்படி ஆபத்து ஏறும் இறங்கும். இதயத்துக்கு அப்படி இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கும், இருபது குடிப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. முதல் சிகரெட்டே படலத்தைக் கெடுக்கிறது, தட்டணுவை ஒட்டவைக்கிறது. மீதி பத்தொன்பதும் அதன் மேல் கொஞ்சம் கொஞ்சம்தான் சேர்க்கின்றன. அந்த இரண்டையும் தூக்கிப் போடுங்கள், லாபம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

சூயிங்கம் போட நினைத்தால், 2 மி.கி. நிகோடின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். பபிள்கம் மாதிரி மென்று தள்ளுகிறார்கள், எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல்தான் மிஞ்சும். மெதுவாக மெல்லுங்கள், காரம் ஏறினதும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வையுங்கள், காரம் குறைந்ததும் மறுபடி. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது. காபி, எலுமிச்சை ஜூஸ், கலர் குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். புகையை விட உதவி கேட்க 1800-11-2356 என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். மாத்திரைகளும் உண்டு, டாக்டர் சீட்டு வேண்டும்.

மேலூர் மாப்பிள்ளை

பெரியாஸ்பத்திரியில் காட்டியாச்சு. கையில் 148. வலது கணுக்கால் 104, இடது 132. வகுத்தால் வலது 0.70, இடது 0.89. ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள், பரவாயில்லை என்றார்கள். மாமா இப்போது ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற கம்பி வலைக் குழாய்) வைத்துவிடலாம், பீடியைப் பிறகு பார்க்கலாம் என்று பேரம் பேசுகிறார்.

கோரிப்பாளையம் டூட்டி

நல்ல வேலை செய்தீர்கள். இடது காலிலும் ஆரம்பமாகிவிட்டது, அவருக்கு வலி தெரியவில்லை, அவ்வளவுதான். பேரத்துக்குப் பதில்: குழாய் ஒரு இடத்தில் மட்டும் கெடவில்லை. ஸ்டென்ட் அந்த ஒரு விரற்கடையைத் திறக்கும். புகை தொடர்ந்தால் அதுவே மறுபடி அடைக்கும், பைபாஸ் செய்தாலும் அப்படித்தான். புண்ணோ, சும்மா இருக்கும்போதே வருகிற வலியோ இல்லாதவருக்கு முதலில் கொடுப்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின், ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, பிரஷருக்கும் சுகருக்கும் மருந்து. பிறகு நடை. வலி வரும் வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. இப்படி அரை மணி முதல் முக்கால் மணி, வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். வலிக்கும் வரை நடப்பதுதான் வைத்தியம், வலிக்கிறதே என்று உட்கார்ந்தால் பலன் இல்லை. பலருக்கு வலியில்லாமல் நடக்கிற தூரம் நன்றாகக் கூடும். மாத்திரைகளை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் சுகர், பிரஷருக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், லோடு வேலையில் அலைய வேண்டாம்.

விட்ட பிறகு சுகர் மாத்திரை அளவை டாக்டரிடம் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தால் சிலருக்குச் சுகர் தாழலாம், வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஆபத்து. இன்னொன்று, கால் அடைப்பு உள்ளவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் கால் இல்லை, மாரடைப்பும் பக்கவாதமும்தான். விட்டு ஒரு வருடத்தில் இதயத்தின் கூடுதல் ஆபத்து பாதியாகிறது. காலுக்கு இறங்க அதைவிட ரொம்ப வருடம் பிடிக்கும், அதனால்தான் அவசரம்.

மேலூர் மாப்பிள்ளை

இதை அப்படியே அவருக்கு வாய்ஸ் மெசேஜாகப் படித்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை. அத்தை மட்டும் தீப்பெட்டியை எல்லாம் எடுத்து ஒளித்துவிட்டதாகச் சொன்னார்.

லேப் அக்கா

அத்தையிடம் சொல்லுங்கள், ஒளித்தால் கடையில் வாங்கிக்கொள்வார். டீயோடு தம் அடிக்கிற அந்தக் கூட்டாளியிடம் பேசச் சொல்லுங்கள், அதில்தான் இருக்கிறது.

சிம்மக்கல் சுப்பு

டாக்டர் தம்பி, சும்மாதான் கேட்கிறேன். பாதத்தில் நாடி பார்க்கலாம் என்றார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக மேலே தடவிப் பார்த்தேன், இடது காலில் துடிக்கிறது, வலதில் ஒன்றும் தெரியவில்லை. என் வயது 49. வலி எல்லாம் இல்லை.

கோரிப்பாளையம் டூட்டி

சிலருக்கு அந்த இடத்து நாடி பிறவியிலேயே கைக்குச் சிக்காது, அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், குதிகால் தசைநாருக்கு முன்னால் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் விரலின் துடிப்பே கேட்கும். அங்கேயும் இல்லை என்றால் கணுக்கால் பிரஷர் எடுத்துவிடலாம். திங்கட்கிழமை ஓ.பி.யில் கூட்டம் தாங்காது, செவ்வாய் அல்லது புதன் எட்டு மணிக்கு முன்னால் வந்து சீட்டு போடுங்கள். வரும்போது வெறும் வயிற்றில் வந்தால் சுகரும் கொழுப்பும் சேர்த்துப் பார்த்துவிடலாம். வழியில் தம் வேண்டாம் அண்ணே, அளவு தப்பாக வரும்.